தலைக்கணக்கும் வயதுக்கணக்கும்: வங்கதேசத்தின் வழியே மக்கள்தொகைப் பொருளியல்

ஏழை நாடுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், இத்தனை பேர் பிறந்துகொண்டே இருந்தால் நாடு எப்படி முன்னேறும் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஒரு நாட்டில் மொத்தம் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதைவிட, அவர்களில் எத்தனை பேர் எந்த வயதினர், அந்த வயதுப் பங்கீடு எவ்வளவு வேகமாக மாறிவருகிறது, மாறும் காலத்தில் அவர்களுக்குக் கல்வியும் வேலையும் கிடைக்கின்றனவா என்பவையே பொருளாதாரத்தின் போக்கோடு நெருக்கமான தொடர்புடையவை. இதை விளங்கிக்கொள்ள வங்கதேசத்தைப் போல் பொருத்தமான நாடு வேறில்லை என்பது என் எண்ணம். இந்தத் துறையின் பழைய நம்பிக்கைகளில் சிலவற்றை அந்த நாடு பொய்யாக்கியது, வேறு சிலவற்றை எதிர்பாராத முறையில் மெய்ப்பித்தது.

எளிய கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்தால் தனிநபர் வருமானம் கிடைக்கிறது. உற்பத்தி ஆண்டுக்கு 4 சதவீதமும் மக்கள்தொகை 3 சதவீதமும் கூடினால், தலைக்கு மிஞ்சும் வளர்ச்சி ஏறத்தாழ 1 சதவீதம். அந்த வேகத்தில் சராசரி வருமானம் இரட்டிப்பாக 70 ஆண்டுகள் ஆகும். அதே உற்பத்தி வளர்ச்சியோடு மக்கள்தொகை 1 சதவீதம் மட்டும் கூடினால் 24 ஆண்டுகளே போதும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆயினும் அதில் ஓர் ஓட்டை உண்டு. மக்கள்தொகை எப்படி இருந்தாலும் உற்பத்தி தன் போக்கில் வளரும் என்று அது வைத்துக்கொள்கிறது. பிறக்கும் ஒவ்வொருவருக்கும் வாயோடு இரண்டு கைகளும் இருக்கின்றன. ஆனால் வாய்க்குப் பிறந்த நாள் முதலே சோறு வேண்டும், கைகள் உழைப்புக்கு வர 15 அல்லது 20 ஆண்டுகள் ஆகும். இந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் இந்த இடைவெளி எவ்வளவு கடுமையானது என்பதைக் காணலாம். 1960இல் விடுதலை பெற்றபோது 35 லட்சத்தை எட்டியிராத அதன் மக்கள்தொகை, இன்று இரண்டரைக் கோடியைத் தாண்டிவிட்டது. மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் வளரும் மக்கள்தொகை 23 ஆண்டுகளுக்குள் இரட்டிப்பாகிவிடும் என்பதால், இன்றுள்ள வகுப்பறைகள், ஆசிரியர்கள், செவிலியர், குடிநீர்க் கிணறுகள் அனைத்தையும் போல் இன்னொரு மடங்கை அதற்குள் உருவாக்கினால்தான், முன்னேற்றம் ஒருபுறம் இருக்க, இன்றைய போதாத நிலையையாவது காப்பாற்றிக்கொள்ள முடியும். வரி கட்டக்கூடியவர்கள் சிலர், வரிப்பணம் தேவைப்படுபவர்கள் பலர் என்னும் இந்த நிலையில் அரசின் கருவூலம் ஓடிக்கொண்டே இருந்தும் நின்ற இடத்தை விட்டு நகர்வதில்லை.

இங்கிலாந்தின் மால்தஸ் 1798இலேயே, மக்கள் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது, பஞ்சமும் நோயும் வந்து கணக்கை நேர் செய்யும் என்று வாதிட்டார். அவர் கூற்று மெய்யாகப்போகும் நாடு என்று 1970களில் பலரும் சுட்டிக்காட்டியது வங்கதேசத்தைத்தான். 1970இல் போலா புயல் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1971இல் விடுதலைப் போர். 1974இல் பெரும் பஞ்சம். அப்போது ஏழு கோடி அளவில் இருந்த மக்கள்தொகை, 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதினாறரைக் கோடியாகியிருந்தது. சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நாடு அது. இத்தனைக்கும், இதே காலத்தில் அரிசி உற்பத்தி ஒரு கோடி டன் அளவிலிருந்து மூன்றரைக் கோடி டன்னுக்கும் மேலாக உயர்ந்தது. பாசனத்தை நம்பி வறண்ட பருவத்தில் பயிராகும் போரோ நெல்லும், புதிய விதைகளும், ஆழ்துளைக் கிணறுகளும் மால்தஸின் கணக்கில் இடம்பெறாதவை.

மக்கள்தொகை ஏன் திடீரென்று வீங்குகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கத்துக்கு மக்கள்தொகை நிலைமாற்றம் என்று பெயர். பழைய சமூகங்களில் பிறப்பும் மிகுதி, இறப்பும் மிகுதி. ஆகவே எண்ணிக்கை மெல்லத்தான் நகரும். தடுப்பூசி, தூய குடிநீர், நோய்க்கட்டுப்பாடு ஆகியவை வந்ததும் முதலில் இறப்பு குறைகிறது. பிறப்போ பழக்கத்தையும் நம்பிக்கையையும் சார்ந்தது என்பதால் ஒரு தலைமுறைக்குப் பிறகே குறையத் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் மக்கள்தொகை பெருகுகிறது. ஐரோப்பாவில் இந்த மாற்றம் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மருத்துவம் ஆயத்தமாக வந்து இறங்கியதால் இறப்பு வேகமாகச் சரிந்தது. இலங்கையில் 1946இல் ஆயிரத்துக்கு 20ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14ஆகக் குறைந்தது; மலேரியாக் கொசுவுக்கு எதிரான மருந்துத் தெளிப்பு அதற்கு எந்த அளவுக்குக் காரணம் என்பது இன்றும் வாதத்துக்குரியதாக இருந்தாலும், ஐரோப்பா கண்டறியாத வேகம் அது.

பிறப்பு ஏன் உடனே குறைவதில்லை? வசதியுள்ளவர்கள் இதை ஏழைகளின் அறியாமை என்று எளிதில் முடித்துவிடுகிறார்கள். அவர்களுடைய இடத்தில் நின்று பார்த்தால் அது அறியாமையாகத் தோன்றாது. பிறக்கும் நான்கு குழந்தைகளில் ஒன்று ஐந்து வயதை எட்டாமல் இறக்கக்கூடும் என்ற நிலையில், முதுமையில் ஓய்வூதியமும் சேமிப்பும் இல்லாத ஒரு குடும்பம், தன்னைக் காக்க ஒரு மகனாவது மிஞ்ச வேண்டும் என்று நினைத்தால் நான்கைந்து பிள்ளைகள் பெற்றுத்தான் ஆக வேண்டும். பத்து வயதுப் பிள்ளை மாடு மேய்க்கவும் தண்ணீர் சுமக்கவும் உதவும். பள்ளிக்கு அனுப்பினாலோ செலவு. பெண்ணுக்குப் பதினைந்து வயதில் திருமணம் முடிந்துவிட்டால், பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் உரிமையோ வழியோ அவளிடம் இருப்பதில்லை. ஆக, அதிகப் பிறப்பு வறுமைக்குக் காரணம் என்பது எவ்வளவு உண்மையோ, வறுமை அதிகப் பிறப்புக்குக் காரணம் என்பதும் அவ்வளவு உண்மை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்து, ஏழை நாடுகளில் பிறப்பு அதிகம் என்று காட்டுவதால் மட்டும் எது எதை விளைவிக்கிறது என்பது தெரிந்துவிடாது.

இந்தக் குழப்பத்திலிருந்து பிறந்ததுதான், நாடு வளர்ந்தால் பிறப்பு தானாகக் குறையும் என்ற வாதம். 1974இல் புகாரெஸ்டில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில் இந்தியக் குழுவின் தலைவர் கரண் சிங், வளர்ச்சியே மிகச் சிறந்த கருத்தடை என்று சொன்னது பெரும் புகழ் பெற்றது. வங்கதேசம் அந்தக் கூற்றைப் பாதி மறுத்தது என்று சொல்லலாம். நிலவும் பிறப்பு வீதப்படி ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறக்கூடிய பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கையை மொத்தக் கருவுறுதல் விகிதம் என்பார்கள். 1970களின் நடுவில் வங்கதேசத்தில் அது ஆறுக்கு மேல். 1990களின் நடுவில் 3.3; 2011இல் 2.3. இந்தச் சரிவின் பெரும்பகுதி, அந்நாடு உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்றாக இருந்த காலத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. உலக வங்கி அதைக் குறைந்த வருமான நாடுகளின் வரிசையிலிருந்து ஒரு படி மேலே ஏற்றியது 2015இல்தான்.

அது எப்படி நடந்தது என்பதற்கு மத்லப் என்ற இடம் அரிய சான்று. டாக்காவுக்குத் தென்கிழக்கே சந்த்பூர் மாவட்டத்தில் ஆறுகளும் ஓடைகளும் சூழ்ந்த இந்தக் கிராமப்பகுதியில், காலரா ஆய்வுக்காக வந்த அறிவியலாளர்கள் 1966 முதல் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் திருமணத்தையும் இடப்பெயர்வையும் பதிவு செய்துவந்தார்கள். 1977 அக்டோபரில், அங்குள்ள கிராமங்களில் ஏறத்தாழப் பாதியில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஊர்களைச் சேர்ந்த, படித்த, திருமணமான பெண்கள் பணியில் அமர்த்தப்பட்டு, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று மாத்திரை, ஊசி, ஆணுறை முதலியவற்றை அவரவர் விருப்பப்படி கொடுத்தார்கள். பெண்கள் வீட்டைவிட்டு வெளியே அதிகம் செல்லாத ஒரு சமூகத்தில், மருத்துவமனை வீட்டுவாசலுக்கு வந்தது என்பதே இதன் சிறப்பு. மீதிக் கிராமங்களில் வழக்கமான அரசுச் சேவைகள் மட்டும் தொடர்ந்தன. இரு பகுதிகளின் வருமானமும் மதமும் வேளாண்மையும் பெரிதும் ஒத்திருந்தன. ஆகவே இரண்டுக்கும் இடையே பின்னர் தோன்றும் வேறுபாட்டைப் பெரும்பாலும் திட்டத்தின் விளைவாகவே கொள்ள முடியும்.

பிறப்பு இரு பகுதிகளிலும் குறைந்தது. திட்டக் கிராமங்களில் வேகமாகக் குறைந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1996இல் எடுக்கப்பட்ட குடும்ப ஆய்வை வைத்து ஷரீன் ஜோஷி, பால் ஷுல்ட்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் ஒப்பிட்டபோது, திட்டக் கிராமங்களில் கருவுறுதல் சுமார் 15 சதவீதம் குறைவாக இருந்தது. அங்குள்ள பெண்களின் உடல்நிலையும் ஈட்டும் வருமானமும் மேம்பட்டிருந்தன. குடும்பங்களின் சொத்தும் சற்றுக் கூடியிருந்தது. இந்த முடிவை நான் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம், இதில் அம்புக்குறி எந்தப் பக்கம் செல்கிறது என்பது ஓரளவு தெளிவாகத் தெரிகிறது என்பதே. வருமானம் உயர்ந்ததால் பிறப்பு குறையவில்லை. பிறப்பைத் திட்டமிட முடிந்ததால் குடும்பத்தின் நிலை உயர்ந்தது. உயர்வு பெரியதன்று, ஆனால் அளக்கக்கூடியது.

மத்லப் ஓர் ஆய்வுக்களம். நாடு முழுவதற்கும் அதே அளவு பணமோ ஆட்களோ இல்லை. எனினும் 1970களின் பிற்பகுதியிலிருந்து வங்கதேச அரசு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் களப்பணியாளர்களைக் கிராமங்களில் அமர்த்தியது. 1975இல் திருமணமான பெண்களில் 8 சதவீதத்தினரே கருத்தடை முறை ஏதேனும் ஒன்றைப் பின்பற்றிவந்தனர். 2022இல் அது 64 சதவீதம். இதோடு இணைந்து, குழந்தைகள் பிழைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையும் வளர வேண்டியிருந்தது. 1980 முதல் 1990 வரை பிராக் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு மூன்று விரல்களால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து கொடுக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்ததைத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்று பின்னர் மற்றொருவர் சென்று சோதிப்பார். அதைப் பொறுத்தே ஊழியருக்கு ஊதியம். தடுப்பூசியும் பரவியது. 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புகளுக்கு 133ஆக இருந்த ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு, 2022ஆம் ஆண்டு ஆய்வில் 31ஆகியிருந்தது. பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி இருந்தால் காப்புக்காகக் கூடுதல் பிள்ளை பெற வேண்டியதில்லை.

1994இல் கிராமப்புற மாணவிகளுக்கான உயர்நிலைப்பள்ளி உதவித்தொகை நாடு முழுவதும் விரிந்தது. திருமணம் செய்துகொள்ளாமல் இருப்பதும் அதைப் பெறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்று. அதே காலத்தில் ஆயத்த ஆடை ஆலைகள் டாக்கா, சிட்டகாங் நகரங்களில் பெருகின. தேஷ் கார்மெண்ட்ஸ் நிறுவனம் 1978இல் தென்கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, தன் ஊழியர்கள் நூற்று முப்பது பேரைப் பயிற்சிக்காகப் பூசான் நகருக்கு அனுப்பியதிலிருந்து வளர்ந்த தொழில் அது. இன்று ஏறத்தாழ நாற்பது லட்சம் பேருக்கு வேலை தருகிறது, நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஈட்டுகிறது. பல காலம் அதன் தொழிலாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்களாகவே இருந்தனர். சம்பளம் வாங்கும் மகள் வீட்டில் இருக்கும்போது அவளுடைய திருமணத்துக்கு அவசரப்பட வேண்டிய தேவை குறைகிறது.

இப்போது வயதுக்கணக்குக்கு வருவோம். உழைக்கும் வயதில் உள்ள ஒவ்வொரு நூறு பேருக்கும், சிறுவராகவோ முதியவராகவோ அவர்களைச் சார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பதைச் சார்பு விகிதம் என்கிறோம். சம்பாதிப்பவர் இருவரும் சாப்பிடுபவர் ஒன்பது பேரும் உள்ள வீட்டில் மாதக் கடைசியில் என்ன மிஞ்சும், சம்பாதிப்பவர் நால்வரும் சாப்பிடுபவர் ஆறு பேரும் உள்ள வீட்டில் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். 1970களில் வங்கதேச மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். 2022இல் அந்தப் பங்கு 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, 15 முதல் 64 வயது வரையிலானோர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினராகியிருந்தனர். பிறப்பு குறையத் தொடங்கிய பிறகு, முன்பு பிறந்த பெருங்கூட்டம் உழைக்கும் வயதை எட்டும். அவர்களுக்குப் பின்னால் வரும் சிறுவர் கூட்டமோ சிறியது. முதியவர்களும் இன்னும் மிகுதியாகவில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் நீடிக்கக்கூடிய இந்தச் சாதகமான இடைக்காலத்தில் கிடைக்கும் பொருளாதார ஆதாயத்துக்கு மக்கள்தொகை ஈவு என்று பெயர்.

இந்தக் கருத்து துறைக்குள் வந்த கதையும் சுவையானது. 1958இல் ஆன்ஸ்லி கோல், எட்கர் ஹூவர் இருவரும் இந்தியாவை முதன்மையாக வைத்து ஆராய்ந்து, அதிகப் பிறப்பு சேமிப்பைத் தின்றுவிடும் என்றனர். 1980களில் பல நாடுகளின் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டவர்கள், மக்கள்தொகை வளரும் வேகத்துக்கும் தனிநபர் வருமானம் வளரும் வேகத்துக்கும் உறுதியான தொடர்பு இல்லை என்று கண்டு, கவலையைக் கைவிட்டனர். 1990களில் டேவிட் புளூம், ஜெஃப்ரி வில்லியம்சன் ஆகியோர் மொத்த வளர்ச்சியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உழைக்கும் வயதினரின் வளர்ச்சியையும் மற்றவர்களின் வளர்ச்சியையும் பிரித்துப் பார்த்தபோது, மறைந்திருந்த தொடர்பு வெளிப்பட்டது. குழந்தைகள் கூடுவதால் நேரும் இழுவையும் உழைப்பவர்கள் கூடுவதால் வரும் உந்துதலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால்தான் மொத்தக் கணக்கில் எதுவும் தெரியாமல் போயிருந்தது. 1965 முதல் 1990 வரை கிழக்காசிய நாடுகள் கண்ட வியத்தகு வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த வயது மாற்றத்தால் வந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. 1960இல் ஆறு அளவில் இருந்த தென்கொரியாவின் கருவுறுதல் விகிதம் 1980களின் தொடக்கத்திலேயே இரண்டுக்கு இறங்கியது. அந்த இருபது ஆண்டுகளில் அந்நாடு பள்ளிகளையும் ஏற்றுமதித் தொழிற்சாலைகளையும் ஒருசேரக் கட்டியெழுப்பியது.

மீதி இரண்டு பங்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பலர் கேட்பதில்லை. உழைக்கும் வயதினர் கூடியிருப்பது ஒரு வாய்ப்பு. வேலை இல்லாவிட்டால் அதே கூட்டம் நெருக்கடியாகிவிடும். வங்கதேசத்தில் வேலை செய்வோரில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் முறைசாரா வேலைகளில் இருக்கிறார்கள்; பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு ஏற்ற வேலை மிகக் குறைவு. ஆகவேதான் அரசு வேலை என்பது அங்கே உயிர்மூச்சாகிவிட்டது. 2024இல் அரசுப் பணிகளில் விடுதலைப் போராட்ட வீரர்களின் வழித்தோன்றல்களுக்கு 30 சதவீத ஒதுக்கீட்டை மீண்டும் கொண்டுவர வகை செய்த நீதிமன்றத் தீர்ப்பு மாணவர் போராட்டமாக வெடித்து, ஆகஸ்ட் 5 அன்று அப்போதைய பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறும் வரை சென்றது. அடக்குமுறை மீதான சினம் உட்பட அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இளைஞர் மிகுந்த நாட்டில் நல்ல வேலைகள் எண்ணிக்கையில் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அது ஓர் எடுத்துக்காட்டு. உள்ளூரில் வேலை இல்லாத லட்சக்கணக்கானோர் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் செல்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் ஆண்டுக்கு 2,000 கோடி டாலரைத் தாண்டுகிறது. மக்கள்தொகை ஈவின் ஒரு பகுதி இவ்வாறு பிற நாடுகளின் கட்டடங்களில் உழைத்துச் சம்பாதிக்கப்படுகிறது. உள்நாட்டு ஆலைகளின் நிலை எத்தகையது என்பதை, 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இறந்த பிறகே உலகம் கவனித்தது.

பிறப்பைக் குறைக்க வற்புறுத்தல் தேவை என்று எண்ணுவோரும் உண்டு. இந்தியாவில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல் லட்சக்கணக்கான ஆண்களுக்குக் கட்டாயப்படுத்தி அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டதன் விளைவாகக் குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லே வட இந்தியாவில் பல ஆண்டுகள் அஞ்சத்தக்கதாயிற்று. சீனாவின் ஒரு குழந்தைத் திட்டத்தையே அந்நாட்டின் பிறப்புச் சரிவுக்குக் காரணமாகக் காட்டுவார்கள்; ஆனால் அத்திட்டம் வருவதற்கு முன்பே, 1970களில், அங்குக் கருவுறுதல் விகிதம் ஆறுக்கு அருகிலிருந்து மூன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பத்தாண்டுப் பரப்புரையிலும் நெருக்குதல் இல்லாமலில்லை என்றாலும், மிகக் கொடிய சட்டம் வந்தபோது சரிவின் பெரும்பகுதி முடிந்திருந்தது.

வங்கதேசத்தில் 2011க்குப் பிறகு 2022 வரை கருவுறுதல் விகிதம் 2.3லேயே நின்றுவிட்டது. 20 முதல் 24 வயது வரையிலான பெண்களில் பாதிப் பேர் பதினெட்டு வயதுக்கு முன்பே மணமானவர்கள் என்று 2022ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அத்தனை பள்ளி உதவித்தொகைக்குப் பிறகும் இந்த நிலை. பெற்றோரின் எண்ணிக்கையைப் பிள்ளைகள் சரியாக ஈடுசெய்யும் 2.1 என்னும் பதிலீட்டு அளவுக்கு விகிதம் நாளையே இறங்கினாலும் மக்கள்தொகை உடனே நின்றுவிடாது. தாயாகும் வயதில் உள்ள பெண்களின் எண்ணிக்கையே பெரிது என்பதால், தலைக்கு இரண்டு பிள்ளைகள் என்றாலும் மொத்தப் பிறப்பு சில பத்தாண்டுகளுக்கு இறப்பைவிட மிகுந்தே இருக்கும். இதை மக்கள்தொகை உந்தம் என்பார்கள். நைஜர் போன்ற நாடுகளின் 2050ஆம் ஆண்டு மக்கள்தொகையில் பெரும்பகுதி இப்போதே ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்பதற்கும் இதுவே காரணம்.

சாதகமான இடைக்காலம் முடியும்போது முதியோர் கூட்டம் தொடங்குகிறது. 2023இல் தென்கொரியாவின் கருவுறுதல் விகிதம் 0.72ஆகச் சரிந்தது, ஆனால் அது பணக்கார நாடாகிவிட்ட பின் முதுமை அடைகிறது. வங்கதேசத்தில் அறுபது வயதைக் கடந்தோர் 2022இலேயே மக்களில் 9 சதவீதத்துக்கு மேல். 1998இல் மாதம் 100 டக்காவுடன் (டக்கா வங்கதேச நாணயம்) தொடங்கிய முதியோர் உதவித்தொகை, கால் நூற்றாண்டு கழித்தும் 600 டக்காவையே எட்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் அனைவருக்குமான ஓய்வூதியத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. முறைசாராத் தொழிலாளர்கள் விரும்பினால் மாதந்தோறும் சந்தா கட்டி அதில் சேரலாம். 1990களின் நடுவில் இருபது வயதில் ஆடை ஆலைக்குச் சென்ற பெண்கள் இப்போது ஐம்பதை எட்டியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தம் தாய்மாரைப் போல் ஆறு பிள்ளைகள் இல்லை, இரண்டோ மூன்றோதான். பிள்ளைகள் தாங்குவார்கள் என்ற பழைய ஏற்பாட்டின் இடத்தில் வைக்கப்பட்டிருப்பது, அவர்கள் தம் கூலியிலிருந்தே கட்ட வேண்டிய அந்தச் சந்தாதான்.